இரண்டு அட்டை இடைவெளி

மனைவி வீட்டில் அவருக்குப் பெயர் மூத்த மாப்பிள்ளை. வேலை செய்யும் இடத்தில் மெஷின்காரர். இரண்டில் பின்னதுதான் அவருக்குப் பிடிக்கும். முன்னது, இளைய மாப்பிள்ளை ஒருவன் வந்து சேர்ந்த பிறகு ஒட்டிக்கொண்ட பெயர். அதற்கு முன் ஐந்து வருடம் அந்த வீட்டில் அவர் வெறும் மாப்பிள்ளையாக இருந்தார். அந்த ஐந்து வருடமும் கூடத்தில் இருந்த ஒரே கைவைத்த நாற்காலி அவருடையது.

நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் மூன்று பெரிய தொட்டிகள் நிற்கும் வளாகத்தில் புல் வெட்டுவது அவர் வேலை. தொட்டிகளுக்குப் பின்னால் நீளமான வெற்று நிலம். அடியில் குழாய்கள் ஓடுவதால் அங்கே எதையும் கட்டக்கூடாது. புல் மட்டும் வளரலாம். வளர்வதை அவர் வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அனுமதி வாங்கிக்கொண்டு பொம்மை விமானம் விடுகிறவர்கள் ஐந்தாறு பேர் வருவார்கள். அவர்களுக்காகச் சனிக்கிழமை மாலை நூறு தப்படி நீளத்துக்கு ஒரு பட்டையை மட்டும் ஒட்ட வெட்டிக் கொடுக்க வேண்டும் என்று ஆபீஸ் உத்தரவு. வெட்டிக் கொடுப்பார். அவர்கள் தூரத்திலிருந்து கை காட்டுவார்கள். இவரும் காட்டுவார்.

மெஷின் என்பது தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் வகை. நீளமான தண்டு, முனையில் கத்தி, முதுகுப் பக்கம் பெட்ரோல் இஞ்சின். ஒரு காலத்தில் ஆரஞ்சு நிறம். ஒன்பது வருடம் அவர் தோளில் கிடந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின்னும் அரை மணி நேரம் கை அதிர்ந்துகொண்டிருக்கும். தேநீர்க் கோப்பையைத் தட்டோடு கொடுத்தால் கிணுகிணுவென்று சத்தம் வரும். "வண்டிய இன்னும் ஆஃப் பண்ணலையா?" என்பாள் மனைவி.

மூன்றாவது வருடத்தில் மெஷினுக்கு ஒரு நோய் வந்தது. பத்து, பன்னிரண்டு நிமிடம் ஓடிச் சூடானதும் நின்றுவிடும். ஆறினால் ஓடும். மறுபடி நிற்கும். மெக்கானிக் மூன்று முறை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிக் கொடுத்தான். கழுவிய சந்தோஷத்தில் அது இன்னும் சீக்கிரம் நின்றது. கடைசியில் அவரே மூடியைத் திறந்து பார்த்தார். காந்தம் பதித்த சக்கரம் சுழலும். அதன் பக்கத்தில் காயில் என்னும் கம்பிச்சுருள் அசையாமல் நிற்கும். இரண்டும் தொடாமல் நெருங்கி இருந்தால்தான் பொறி வரும். எவ்வளவு நெருக்கம் என்பதற்கு எல்லா மெக்கானிக்கும் வைத்திருக்கும் அளவுகோல் ஒரு விசிட்டிங் கார்டு. நடுவே ஒரு கார்டைச் செருகி, காயிலைத் தள்ளி ஒட்டவைத்து, இரண்டு திருகுகளை முறுக்கிவிட்டு, கார்டை உருவிவிட வேண்டும். அவ்வளவுதான். அவர் பார்த்தபோது காயிலின் காலில் நகம் அகலத்துக்குத் தேய்ந்த தடம் இருந்தது. அச்சின் பேரிங் தேய்ந்து, சூட்டில் சக்கரம் மயிரிழை ஆடி, காயிலை உரசியிருக்கிறது.

பேரிங் கேட்டு எழுதிக் கொடுத்தார். "புல்லு மெஷினுக்குப் பேரிங்கா? கத்திய சாணை பிடிச்சியா அத முதல்ல சொல்லு" என்றார் சூப்பர்வைசர்.

அதனால் இரண்டு கார்டு வைத்தார். உரசல் நின்றது. ஆனால் தூரம் கூடியதால் பொறி மெலிந்துவிட்டது. கிளப்பும் கயிற்றைச் சாதாரணமாக இழுத்தால் மெஷின் முனகும், பிடிக்காது. மெதுவாக இழுத்து, உள்ளே காற்று இறுகி முட்டும் இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, அங்கிருந்து தோளால் இல்லாமல் மணிக்கட்டால் வெட்டி இழுக்க வேண்டும். இதை அவர் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவர் லீவு போட்டால் வளாகத்தில் புல் வளர்ந்தது. இரண்டு பேர் மாறி மாறி இழுத்து, ஒருவன் கயிற்றையே அறுத்துக்கொண்டான். மறுநாள் அவர் வந்து ஒரே இழுப்பில் கிளப்புவார். அந்த ஒரு இழுப்புக்காக அவர் லீவு போட்டதும் உண்டு.

இளைய மாப்பிள்ளை பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்து, பிறகு சொந்தமாகவே ஒரு சிறிய கூடம் வைத்தவன். மெஷின்காரருக்குச் சகலை. பதிமூன்று வயது இளையவன். மனதுக்குள் அவன், நேரில் நீங்க. அவன் கைக்கு எதுவும் படியும். மாமனார் வீட்டில் நின்றுபோன சுவர்க் கடிகாரம் அவன் வந்த மாதமே ஓடியது. மின்விசிறியின் சத்தம் போனது. மாமனாரின் பல் செட் பேசும்போது டக் டக் என்று அடிக்கும். அதைக் கழற்றி வாங்கிப் போய் மறுநாள் கொண்டுவந்து போட்டான். அன்றிலிருந்து மாமனார் அதிகம் பேசினார். பேச்சு முழுக்கச் சின்ன மாப்பிள்ளை. கைவைத்த நாற்காலி எந்த நாளில் கை மாறியது என்று யாருக்கும் நினைவில்லை. மெஷின்காரருக்கு நினைவிருந்தது.

நான்காவது வருடம் கத்தியில் பட்ட கல் ஒன்று தெறித்து அவருடைய மேல்வரிசை முன்பல்லை எடுத்தது. சகலைதான் பல் செய்து கொடுத்தான். நல்ல பல். பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு நான்கு மாதிரிகள் வைத்துப் பார்த்துச் செய்திருந்தான். அதற்குப் பிறகு அவர் எங்கே சிரித்தாலும் சகலையும் கூடவே சிரிப்பது போல இருந்தது. சிரிப்பைக் குறைத்துக்கொண்டார்.

ஒன்பதாவது வருடக் கடைசியில் பேட்டரி மெஷின் வந்தது. பட்டனை அழுத்தினால் சுழலும். யார் அழுத்தினாலும் சுழலும். பழையதைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார் சூப்பர்வைசர். அவர் அதைத் துடைத்து, ஒரு பழைய போர்வையில் சுற்றி, வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்தார். எப்போதாவது எடுத்து ஒரு இழுப்பு இழுப்பார். கிளம்பும். உடனே நிறுத்திவிடுவார்.

ஒரு மாலை வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது மாடிப்படிக்குக் கீழே தரை தெரிந்தது.

"இங்க இருந்தது எங்க?"

"எது?"

"மெஷின்."

"காலையில தங்கச்சி வீட்டுக்காரர் வந்தாரு. ரிமோட்ல பறக்கற ஏரோப்ளேன் செய்றாராம், இஞ்சின் வேணுமாம். எடுத்துக்கச் சொன்னேன்."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா என்ன சொல்வீங்க? வச்சு அடைகாக்கப் போறீங்களா?"

மனைவி உள்ளே போய் எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள்.

"போர்வைய சாயங்காலமே திருப்பிக் கொடுத்தனுப்பிட்டாரு. துவைச்சு மடிச்சு."

போர்வையில் பெட்ரோல் வாசனைகூட மிச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் மாமனார் வீட்டில் சாப்பிடுவது வழக்கம். சகலையின் கூடம் அதே தெருவில், நான்கு வீடு தள்ளி. சாப்பாட்டுக்கு முன் அங்கே எட்டிப் பார்த்தார். போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனார்.

நீளமான மேஜை. ஒரு பக்கம் வெள்ளைச் சாந்தில் வார்த்த தாடைகள் வரிசையாக வாய் திறந்து கிடந்தன. மறுபக்கம் அவருடைய மெஷின். எல்லாம் தனித்தனி. ஒவ்வொரு திருகும் பல் வைக்கும் சின்னத் தட்டுகளில், எண் எழுதி.

"வாங்கண்ணே. இஞ்சின மட்டும் தராசுல வச்சுப் பாத்தேன், ரெண்டு கிலோ இருநூறு இருந்துச்சு. இப்ப ஒன்றரைக்குக் கீழ கொண்டாந்துட்டேன்."

"எப்படி?"

"பறக்கறதுக்கு வேண்டாதது எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

எடுத்தது எல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் கிடந்தது. கைப்பிடி. விரலால் அழுத்தும் விசை. தோள்வார் மாட்டும் கொக்கி. இழுக்கும் கயிறும் அதன் உறையும். தண்டு, கிளட்ச், டேங்க். ஒன்பது வருடத்தில் அவர் கை பட்ட இடங்கள் அத்தனையும் அந்தப் பெட்டியில் இருந்தன. மேஜைமேல் இருந்தது அவர் தொடாத மிச்சம்.

சகலை உற்சாகமாகக் காட்டினான். சக்கரத்தைச் சுற்றி இருந்த விசிறி இதழ்களை லேத்தில் கடைந்து எடுத்திருந்தான். முன்னால் வரும் புரொப்பெல்லர் காற்றே இஞ்சினைக் குளிரவைத்துவிடும். கடைந்தபின் எடை ஒரு பக்கம் சாயாமல் இருக்க, இரண்டு பிளேடுகளின் விளிம்பில் அதை உருட்டிப் பார்த்து, கனமான பக்கத்தில் பல் துளைக்கும் கருவியால் துளித்துளியாகச் சுரண்டியிருந்தான். கயிறு இருந்த இடத்தில், புரொப்பெல்லர் மாட்ட அலுமினியத்தில் ஒரு குமிழ். கார்புரேட்டரின் கையை ஒரு தீப்பெட்டி அளவு மோட்டார் இழுக்கும். அந்த மோட்டாரை ரிமோட் இழுக்கும்.

"எப்படிண்ணே இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றார். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

சாப்பாட்டின் நடுவில் சகலை சொன்னான்:

"அண்ணே, உங்க மெஷின்ல காயில் கேப் எவ்வளவு இருந்துச்சு தெரியுமா? ரெண்டு கார்டு! எப்படி இத்தனை வருஷம் பிடிச்சுதுன்னே புரியல. ஒரு கார்டு வச்சு முறுக்கினேன். இப்ப விரலால சுண்டினா போதும், பொறி பறக்குது."

மாமனார் நிமிர்ந்தார். "அப்படின்னா, மாப்ளே, ஒம்பது வருஷமா அரை உசுர்லயா ஓட்டிட்டு இருந்தீங்க?"

"மாமா கையில மாட்டிக்கிட்டு என்ன பாடுபட்டுச்சோ" என்றாள் மனைவியின் தங்கை. "எங்க வீட்டுக்கு வந்து இப்பதான் நல்ல மூச்சு விடுது."

எல்லோரும் சிரித்தார்கள். மாமனாரின் பல் செட் ஒரு சத்தமும் போடாமல் சிரித்தது. மனைவியும் சிரித்தாள். அவர் அதை மட்டும் பார்த்தார்.

பதில் வாய்வரை வந்துவிட்டது. அது தெரிந்தே வைத்த ரெண்டு கார்டு என்று ஒரு வரி. பேரிங் ஆடுகிறது என்று இன்னொரு வரி. அவர் தண்ணீர் குடித்தார். ஏன் ரெண்டு வச்சீங்கன்னு அவன் ஒரு வார்த்தை கேட்கட்டும், சொல்லிவிடலாம் என்று காத்தார். சகலை கேட்கவில்லை. அவனுக்கு அது திருத்தி முடித்த தவறு. மேற்கொண்டு சாப்பிட்டான்.

"அப்படியா" என்றார் மெஷின்காரர்.

தட்டைப் பார்த்துக்கொண்டே முடிவு செய்துவிட்டார். ஓடட்டும். எவ்வளவு நேரம் ஓடும் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த ஐந்து வாரத்தில் விமானம் உருவானது. ஆறரை அடி இறக்கை. மெல்லிய பலகைகள், மேலே இழுத்து ஒட்டிய நீலத் தாள். ஓட்டுநர் இடத்தில் ஒரு தலை. பல் செட்டுக்கு ஈறு செய்யும் இளஞ்சிவப்புப் பிசினில் முகம், வாயில் அசல் பல் வரிசை. ஈ என்று இளித்துக்கொண்டிருந்தது.

"பல்லு பாருங்கண்ணே. உங்க பல்லோட கலர்தான். அப்ப செஞ்சதுல மிச்சம் இருந்துச்சு."

கூடத்தில் நிறுத்தி, பின்பக்கத்தைத் தூணோடு கட்டி, இஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். விரலால் சுண்டியதும் பிடித்தது. தாடைகள் மேஜையில் நடுங்கின. ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டான். தெருவில் சத்தம் அதிகமாம். ஐந்து நிமிடம் பற்றாது. சூடு ஏற வேண்டும். மெஷின்காரர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பறக்கவிடும் ஞாயிறுக்கு முன்வாரம் மனைவி கேட்டாள்: "அது ஒழுங்கா ஓடுமா?"

"ஏன் கேக்கற?"

"ஓட்டினவர் நீங்கதானே. தங்கச்சி எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கா. அப்பா வேற புதுச் சட்டை எடுத்து வச்சிருக்காரு. நடுவுல ஏதாவது ஆச்சுன்னா..."

அப்போதும் சொல்லியிருக்கலாம். வேறு யாரும் இல்லை. அவள் முகம் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அந்த முகத்தில் இருந்த கவலை அவருக்காக இல்லை.

"ஓடும்" என்றார்.

சனிக்கிழமை மாலை பட்டையை வெட்டினார். முதலில் வெட்டாமல் விட்டுவிடலாமா என்று தோன்றியது. பிறகு எப்போதையும்விட நன்றாக வெட்டினார். நீளவாக்கில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை. ஓரங்களைக் கயிறு கட்டி நேராக்கினார். கிடந்த கற்களைப் பொறுக்கினார். குறை வேறு எங்கும் இருக்கக்கூடாது. நாளை அது நின்றால் புல்லைக் கைகாட்ட யாருக்கும் வழி இருக்கக்கூடாது.

ஞாயிறு காலை எல்லோரும் வந்தார்கள். மாமனாருக்கு மடக்கு நாற்காலி, தண்ணீர் பாட்டில், குடை. விமானம் விடும் ஐந்தாறு பேரும் சூழ்ந்து நின்று இஞ்சினைக் குனிந்து பார்த்தார்கள். "புல்லு வெட்ற இஞ்சினா இது? நம்பவே முடியலையே" என்றார் ஒருவர். மெஷின்காரர் மதில் ஓரமாகத் தனியாக நின்றார்.

சகலை புரொப்பெல்லரைச் சுண்டினான். பிடித்தது. பட்டையில் உருண்டு, பாதி தூரம் போவதற்குள் தரையை விட்டது.

ஒன்பது வருடம் காதுக்குப் பின்னால் கேட்ட சத்தம். இப்போது அது தலைக்கு மேலே கேட்டது. கத்தியின் பளு இல்லாமல், புல்லின் பிடி இல்லாமல், இவ்வளவு மேலே போகும் குரல் அதற்கு இருந்திருக்கிறது. தன்னோடு இருந்தவரை ஒருநாளும் அது அப்படிப் பாடவில்லை என்பதை அவர் அண்ணாந்து பார்த்தபடி நின்று கேட்டார். மூன்று தொட்டிகளையும் சுற்றியது. குட்டிக்கரணம் அடித்தது. மனைவியின் தங்கை கூவினாள். மாமனார் குடையை மடக்கிவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

ஒன்பதாவது நிமிடத்தில் சத்தத்துக்குள் ஒரு கீறல் விழுந்தது. மணலை விரலால் தேய்ப்பது போல, கிர்ரென்று. வேறு யார் முகமும் மாறவில்லை. அவருக்கு மட்டும் தெரிந்தது. இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. இறக்கு என்று கத்தினால் போதும். இருபது தப்படிதான் தூரம். வாயைத் திறந்தார். நாக்கு அந்தப் பல்லில் பட்டது. மூடிக்கொண்டார்.

பதினோராவது நிமிடத்தில் சத்தம் நின்றது.

விமானம் அப்போது கடைசித் தொட்டிக்கும் அப்பால் இருந்தது. யாரோ "ஐயோ" என்றார்கள். சகலையின் முகத்தில் ரத்தம் இல்லை, ஆனால் விரல்கள் ரிமோட்டில் மிக மெதுவாக நகர்ந்தன. விமானத்தின் மூக்கு தாழ்ந்தது. திரும்பியது. தொட்டியின் விளிம்பை ஒரு முழ உயரத்தில் தாண்டி, சத்தமே இல்லாமல், வெட்டிய பட்டையின் தொடக்கத்தில் சக்கரம் வைத்து, உருண்டு, மறுகோடியில் நின்றது. நீலத் தாளில் ஒரு கீறல் இல்லை. ஓட்டுநர் இளித்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. "இஞ்சின் ஓடும்போது யார் வேணா இறக்குவாங்க" என்றார் அந்தக் கூட்டத்தில் மூத்தவர். "செத்த இஞ்சின இப்படிக் கொண்டாந்து வைக்கறதுக்குக் கை வேணும். எனக்கு வராது." இன்னொருவர், "பட்டையும் நல்லா ஒட்ட வெட்டியிருக்காங்க. இல்லன்னா சக்கரம் மாட்டிக் கவுந்திருக்கும்" என்றார். யார் வெட்டியது என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாமனார் சகலையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார். மனைவி கைதட்டிக்கொண்டே இருந்தாள்.

மெஷின்காரர் மதிலில் சாய்ந்துகொண்டார். ஐந்து வாரமாக வயிற்றுக்குள் வைத்துக் காத்தது, சகலைக்குத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்த மாலையாகிவிட்டது. இஞ்சின் ஒழுங்காக ஓடியிருந்தால் இவ்வளவு கைதட்டல் கிடைத்திருக்காது.

புதன்கிழமை மதியம், தொட்டி நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும்போது சகலை வந்தான். தனியாக. கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். எதிரே உட்கார்ந்து பிரித்தான். காயில்.

"இதுல ரெண்டு தடம் இருக்குண்ணே. இது ஞாயித்துக்கிழமை உரசினது. பளபளன்னு இருக்கு. இது அதுக்கு அடியில. கறுத்துப் போயிருக்கு. பழசு."

அவர் பார்த்தார். பார்க்கத் தேவையில்லாமல் பார்த்தார்.

"நீங்க தெரிஞ்சேதான் ரெண்டு கார்டு வச்சிருந்தீங்க. இல்ல?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். அன்று சாப்பாட்டில் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது, வாலில் இன்னொன்றைக் கட்டிக்கொண்டு. ஆமாம் என்றால் விஷயம் தெரிந்தவன். தெரிந்தும் வாய் திறக்காதவன். இல்லை என்றால் ஒரு பாவமும் அறியாதவன். ஒன்பது வருடம் அரை உயிரில் ஓட்டிய மடையன். மடையனாக இருந்துவிட்டால் மனைவி வீட்டில் எதுவும் மாறாது. எல்லாம் இருந்தபடியே இருக்கும்.

சட்டைப்பையில் கை விட்டார். அடையாள அட்டைக்குப் பின்னால் இருந்த இரண்டு கார்டுகளை எடுத்துச் செய்தித்தாள்மேல் வைத்தார். எண்ணெய் ஊறி, பழுப்பாகி, ஓரம் மழுங்கிய கார்டுகள். அச்செழுத்து இன்னும் படிக்க வந்தது.

சகலை ஒன்றை எடுத்தான். "இது என்னோடது. கூடம் தொடங்கினப்ப அடிச்ச முதல் கார்டு. பழைய போன் நம்பர்."

"ஆமா."

"ஒண்ணு உங்களுக்கு, இன்னொண்ணு உங்க ஆபீஸ்ல பல்லு போன யாருக்காவதுன்னு சொல்லிக் கொடுத்தேன்."

"பல்லு போனது எனக்குத்தான். அதனால ரெண்டும் என்கிட்டயே இருந்துச்சு."

சகலைக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

"ஏண்ணே சொல்லல?"

"நீ கேக்கலையே."

முதல் முறையாக நீ என்றார். இருவருமே அதைக் கவனித்தார்கள்.

"விழுந்திருந்தா?"

"விழும்னுதான் நினைச்சேன்."

சகலை தலையைக் குனிந்துகொண்டு கட்டைவிரலால் புதிய தடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தொட்டிக்குள் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. பிறகு, கோபமும் இல்லாமல் வேறு எதுவும் இல்லாமல், வேலையைப் பற்றிப் பேசுகிறவனாகச் சொன்னான்:

"பேரிங் தேய்ஞ்சிருக்கு. அத மாத்திட்டா ஒரு கார்டே போதும்."

ஒரு வரி. ஆறு வருட மணிக்கட்டு அந்த ஒரு வரியில் வேண்டாத பெட்டிக்குள் போய் விழுந்தது. கைப்பிடிக்கும் கயிற்றுக்கும் பக்கத்தில்.

"மாத்தாத" என்றார். தன் குரல் கெஞ்சுவதைக் கேட்டார். "ரெண்டு கார்டு வை. உரசாது. எவ்வளவு நேரம் வேணா ஓடும்."

"பொறி கம்மியாயிடும். சுண்டினா பிடிக்காதே?"

"உனக்குப் பிடிக்காது. நான் வந்து ஸ்டார்ட் பண்ணித் தரேன்."

"புரொப்பெல்லர்ணே. கயிறு இல்ல. விரலைக் கொண்டு போயிடும்."

"என் விரல்தானே."

சகலை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு காயிலைச் சுற்றினான். கார்டுகளையும் சேர்த்துச் சுற்றப் போனவன், நிறுத்தி, அவற்றை அவரிடமே கொடுத்தான்.

"சரிண்ணே. ஞாயித்துக்கிழமை நீங்களே வந்து வச்சு முறுக்குங்க."

அந்த ஞாயிறு சாப்பாட்டில் சகலை எல்லோருக்கும் முன்னால் சொன்னான். "ரெண்டு கார்டுதான் சரி. பேரிங் ஆடுது, அதனால அண்ணன் அப்படி வச்சிருந்திருக்காரு. தப்பு என்னோடதுதான். நான்தான் யோசிக்காம மாத்திட்டேன்." அதோடு நிறுத்திக்கொண்டான். மற்ற பாதியைச் சொல்லவில்லை.

மாமனார் நெகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா? எவ்வளவு பெரிய மனசு இருந்தா நாலு பேர் முன்னாடி தப்ப ஒத்துக்குவாரு! சின்ன மாப்ளே மாதிரி வராது."

மெஷின்காரர் தண்ணீர் குடித்தார். மனைவி பரிமாறும் கையை நிறுத்தி அவரைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபின் கேட்டாள்.

"அன்னிக்குக் கேட்டப்ப ஓடும்னு சொன்னீங்க."

"ஓடுச்சே. பதினோரு நிமிஷம்."

அவள் சிரிக்கவில்லை. போர்வையை எடுத்து மாடிப்படிக்குக் கீழே, வெறும் தரையில், மடித்தபடியே வைத்துவிட்டுப் போனாள்.

இப்போதெல்லாம் ஞாயிறு காலை அவர் மதில் ஓரமாக நிற்பதில்லை. விமானத்துக்கு முன்னால் நிற்கிறார். புரொப்பெல்லரை மெதுவாகத் தள்ளி, உள்ளே காற்று முட்டும் இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, மணிக்கட்டால் வெட்டிவிட்டுக் கையை இழுத்துக்கொள்கிறார். பிடித்துவிடும். மற்றவர்கள் முயன்று பார்த்தார்கள். வரவில்லை. ஒருவருக்கு விரல் வீங்கியது. "மெஷின்காரர் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் சகலை டேங்கில் பெட்ரோல் ஊற்றுகிறான். கிளம்பியபின் விமானம் அவரை விட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு அது சகலையுடையது.

ஆறாவது ஞாயிறோ ஏழாவதோ. பிளக்கைத் துடைத்துப் போட ஸ்பேனர் வேண்டியிருந்தது. சகலை ரிமோட்டில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தான். அவர் கருவிப் பெட்டியைத் திறந்து மேல்தட்டைத் தூக்கினார். அடியில் எண்ணெய்த் தாளில் சுற்றிய சின்ன வட்டம் ஒன்று. தாளைப் பிரிக்காமலே அது என்னவென்று கைக்குத் தெரிந்துவிட்டது. பேரிங். கடைச் சீட்டு அதிலேயே ஒட்டியிருந்தது. தேதியைப் பார்த்தார். தொட்டி நிழலில் அவர் கெஞ்சிய புதன்கிழமைக்கு முந்தின நாள்.

வாங்கி வைத்துக்கொண்டுதான் அன்று வந்திருக்கிறான். அரைமணி வேலை. இத்தனை வாரமாகச் செய்யவில்லை.

கைவைத்த நாற்காலி, மாமனாரின் பேச்சு, மனைவியின் கைதட்டல், வாயில் இருக்கும் பல். எல்லாம் அவன் கையில். இப்போது இதுவும். ஒவ்வொரு ஞாயிறும் இந்த மணிக்கட்டுக்குக் கிடைக்கும் வேலையும் அவன் கொடுப்பதுதான்.

"ஸ்பேனர் கிடைச்சுதாண்ணே?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

பெட்டியின் மூலையில் எண்ணெய்த் துணிகள் சுருண்டு கிடந்தன. அவர் பேரிங்கை அவற்றுக்கு அடியில், சட்டென்று கைக்கு அகப்படாத ஆழத்துக்குத் தள்ளினார். மேலே துணியை இழுத்துவிட்டார். தட்டை இறக்கி, மூடியைச் சாத்தினார்.

"கிடைச்சுது" என்று சொல்லிவிட்டு விமானத்தை நோக்கி நடந்தார். அது பல்லைக் காட்டியபடி காத்திருந்தது.